லவ்வும் கிவ்வும்

காவிரியும் பவானியும் கலக்கும் கூடுதுறைக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள எங்கள் வீட்டுத் திண்ணையில், சித்திரை மாதத்து மாலைப் பொழுதொன்றில், பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த என் மகள்வயிற்றுப் பேத்தி நோட்டும் பென்சிலுமாக வந்து உட்கார்ந்து, "ஏனுங் அப்புச்சி, 'லவ்'வுக்கு ரைம் சொல்லுங்க" என்று கேட்டபோது, அறுபது வருஷங்களுக்கு முன் நான் கற்ற ஆங்கிலம் முழுவதும் ஒரு கணம் என்னைக் கைவிட்டுவிட்டது. பள்ளி ஆண்டு மலருக்காகத் தாயின் அன்பைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பாட்டு எழுதுகிறாளாம். முதலடி அந்தச் சொல்லில் வந்து முடிந்துவிட்டதாம். இரண்டாமடியை எந்தச் சொல்லில் கொண்டுபோய் முடிப்பது என்பதுதான் அவளுடைய சங்கடம்.

சற்று யோசித்து 'டவ்' என்றேன், புறா. எழுதிக்கொண்டாள். 'க்ளவ்' என்றேன், கையுறை. பவானியின் சித்திரை வெயிலில் கையுறைக்கு என்ன வேலை என்பதுபோல் என்னைப் பார்த்தாள். 'அபவ்' என்றேன், மேலே. அது ஆகாயத்துக்கும் ஆண்டவனுக்கும் பொருந்தும் என்று அதன் கீழே இரண்டு கோடு போட்டுக்கொண்டாள். 'ஷவ்' என்றேன், பிடித்துத் தள்ளுதல் என்று பொருள். "அம்மாவைத் தள்ளறதுங்களா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், என் சரக்கு தீர்ந்துவிட்டது. என் சரக்கு மட்டுமன்று, ஆங்கில பாஷையின் சரக்கே ஏறக்குறைய அங்கே தீர்ந்துவிடுகிறது என்பதும், உலகத்தில் மிகுதியாகப் பாடப்பட்ட சொற்களுள் ஒன்றாகிய அச்சொல்லுக்கு முற்ற இயைந்து வரும் பொதுவழக்குச் சொற்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும் என்பதும் அந்த மொழியின் கவிகள் நெடுங்காலமாக நொந்துகொள்ளும் விஷயங்கள்.

அந்தச் சமயத்தில் சமையலறையிலிருந்து என் மகளின் குரல் கேட்டது: "அப்புச்சிகிட்டப் போயி லவ்வு கிவ்வுன்னு என்ன பேச்சு கண்ணு அங்க?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். திண்ணையில் அமர்ந்து அரைமணி நேரமாக நாங்கள் தேடிய இயைபை, தோசைக்கல்லில் கவனத்தை வைத்துக்கொண்டே, யோசனை என்பதே இல்லாமல், ஒரே மூச்சில் அவள் செய்து கொடுத்துவிட்டாள். அவள் செய்தது ஆங்கில இலக்கணப்படி அரைகுறையான இயைபு; தமிழ் இலக்கணப்படி அப்பழுக்கில்லாத தலையாகு எதுகை. ஒரே ஜோடிச் சொற்கள் ஒரு மொழியின் செவிக்குக் குறையாகவும் மற்றொரு மொழியின் செவிக்கு நிறைவாகவும் படுவது எப்படி என்ற கேள்வி அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. இக்கட்டுரை அந்தத் தூக்கக்கேட்டின் பலன்.

ஆங்கிலத்தில் முழு இயைபுக்கு உள்ள விதி சுருக்கமானது. சொல்லில் அழுத்தம் பெறுகின்ற கடைசி உயிரொலியைக் கண்டுகொள்ள வேண்டும். அவ்வுயிர் தொடங்கிச் சொல்லின் இறுதிவரை உள்ள ஒலிகளெல்லாம் இரண்டு சொற்களிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அவ்வுயிருக்கு முன் நிற்கும் மெய் மட்டும் வேறுபட வேண்டும். லகரம் டகரமாக மாறி, 'அவ்' என்ற ஒலி மாறாது நிற்பதால் லவ்வும் டவ்வும் முழு இயைபு. இந்த வேலியைச் சற்றே தாண்டினால் அரை இயைபுகளின் புறம்போக்கு விரிகிறது. லவ்வோடு ஒப்பிட்டால், 'லிவ்', 'கிவ்' என்பவற்றில் இறுதி மெய் ஒத்தும் உயிர் வேறுபட்டும் நிற்கின்றன. 'கம்', 'சன்' என்பவற்றில் உயிர் ஒத்தும் மெய் வேறுபட்டும் நிற்கின்றன. 'ரஃப்', 'இனஃப்' என்பவற்றில் பல்லும் உதடும் இருந்த இடத்திலேயே இருக்க, குரல்வளையின் அதிர்வு மட்டும் நின்றுபோகிறது. 'மூவ்', 'ப்ரூவ்' என்பவை எழுத்துக்கூட்டில் மட்டும் லவ்வைப் போல இருப்பவை. கண் ஒப்புக்கொள்ளும், காது ஒப்புக்கொள்ளாது. ஷேக்ஸ்பியர் இவற்றைத் தயக்கமில்லாமல் லவ்வோடு இயைத்திருப்பதனால், அவர் காலத்து உச்சாரணத்தில் அவை இன்றைக்காட்டிலும் நெருங்கி ஒலித்திருக்க வேண்டும் என்று மொழிநூலார் ஊகிக்கிறார்கள். பழைய உச்சாரணத்தை மீட்டெடுக்க அவர்களுக்கு உள்ள சாட்சிகளுள் கவிகளின் இயைபும் ஒன்று. எமிலி டிக்கின்ஸன் என்ற அமெரிக்கக் கவி அரை இயைபையே விரும்பிக் கையாண்டவர். அவர் இறந்த பின் 1890-இல் அவருடைய பாடல்களை முதன்முதலாக அச்சிட்டவர்கள் அதைப் பிழையென்று கருதிச் சில இடங்களைத் திருத்தியே வெளியிட்டார்கள். கவியின் செவியைப் பதிப்பாசிரியர் நம்பாமல் போவது எல்லா நாட்டிலும் நடப்பதுதான்.

இனித் தமிழுக்கு வருவோம். லவ் என்பதற்குத் தமிழில் அன்பு. அதற்கு எதுகை தேடுபவன் திண்ணையில் உட்கார்ந்து தலையைச் சொறிய வேண்டியதே இல்லை. இன்பு, துன்பு, வன்பு, முன்பு, பின்பு, எலும்பைக் குறிக்கும் என்பு: இவை முதலெழுத்து ஒன்று நீங்கலாக மற்ற எழுத்தெல்லாம் ஒன்றி வருவதால் தலையாகு எதுகை. இரண்டாமெழுத்து மட்டும் ஒன்றினால் போதும் என்று இறங்கினால், அன்று, இன்று, கன்று, குன்று, மன்னன், தென்னை, பொன்னி என்று நீண்டுகொண்டே போகும். அது இடையாகு எதுகை. ஆங்கிலக் கவிக்கு வறண்ட பாறையாக இருந்த பொருள் தமிழ்க் கவிக்குக் கால்வாய்ப் பாசனமாக இருக்கிறது. ஆனால் இந்தச் செழிப்பைக் கண்டு நம் விதி தளர்ந்தது என்று எண்ணிவிடலாகாது. முதலெழுத்து எதுவாகவும் இருக்கலாம், ஆனால் அதன் மாத்திரை ஒத்திருக்க வேண்டும் என்று யாப்பு நூலார் கண்டிப்பாகக் கூறுகிறார்கள். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். கட்டு என்பதற்குப் பட்டு எதுகையாகும், பாட்டு ஆகாது.

இரு விதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். ஆங்கிலச் செவி உயிரின் நிறத்தைக் கேட்கிறது: அகரமானால் அகரமே வேண்டும். தமிழ்ச் செவி அந்த இடத்தில் உயிரின் நிறத்தை மன்னித்துவிட்டு அதன் நீளத்தை மட்டும் அளக்கிறது: அகரமாயினும் இகரமாயினும் எகரமாயினும் சரி, ஒரு மாத்திரைக்கு ஒரு மாத்திரை நிற்க வேண்டும், அதன் பிறகு வரும் மெய்யில் ஒருமைப்பாடு தொடங்க வேண்டும். ஆங்கிலம் சொல்லை உயிருக்கு முன்னால் வெட்டுகிறது; தமிழ் உயிருக்குப் பின்னால் வெட்டுகிறது.

இது புலவர்கள் கூடி வகுத்துக்கொண்ட கட்டுப்பாடாக இருக்கலாமே, பாமரரின் காதுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு என் மகளின் கிவ்வே பதில். 'பணம் கிணம்', 'மாடு கீடு', 'புலி கிலி', 'சோறு கீறு', 'காப்பி கீப்பி' என்று நாம் நாள் முழுவதும் பேசுகிறோம். மொழிநூலார் எதிரொலிச் சொல் என்று குறிப்பிடும் இந்தப் பிரயோகத்துக்கு எந்தப் பள்ளியிலும் பாடமில்லை. இரண்டு மூன்று வயதுக் குழந்தை தானாகவே கற்றுக்கொள்கிறது. இதன் சூத்திரம் யாது? சொல்லின் முதல் மெய்யையும் முதல் உயிரையும் சேர்த்து வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில், வெட்டுண்டது குறிலானால் 'கி' என்றும், நெடிலானால் 'கீ' என்றும் வைக்க வேண்டும்; மீதியைத் தொடக்கூடாது. பணத்துக்குக் கீணம் என்றோ, மாட்டுக்குக் கிடு என்றோ எவரும் சொல்லிக் கேட்டதில்லை. முதலெழுத்தின் அளவு ஒத்து, இரண்டாமெழுத்து முதல் எல்லாம் ஒன்றுவது: தலையாகு எதுகையின் லக்ஷணம் அப்படியே இதில் இருக்கிறது. பவானிக் கடைவீதியில் ஜமக்காளம் விற்பவர் "ஜமக்காளம் கிமக்காளம் ஏதாச்சும் வேணுங்களா?" என்று கேட்கும்போது, காரிகை என்னும் யாப்பு நூலை ஒரு நாளும் கையில் எடுக்காமலே காரிகையின் விதியை வழுவாமல் காப்பாற்றுகிறார். புதிதாக வந்த அந்நியச் சொற்களும் இதற்கு விலக்கல்ல. 'பேங்க் கீங்க்' என்று சொல்லாத வீடு உண்டா?

இதே வழக்கு கன்னடத்திலும் தெலுங்கிலும் 'கி', 'கீ' என்ற அதே ஒலிகளின் சாயலோடு நடக்கிறது. அம்மொழிகளின் செய்யுளிலும் அடிதோறும் இரண்டாமெழுத்து ஒன்றி வரவேண்டும் என்ற பிராச விதி உண்டு என்பது தற்செயலன்று. ஹிந்திக்காரரோ 'சாய் வாய்' என்கிறார், 'பானி வானி' என்கிறார். முதல் மெய்யை மட்டும் மாற்றி உயிரை அப்படியே வைத்துக்கொள்கிறார். அவர் வெட்டும் இடம் ஆங்கில இயைபு வெட்டும் இடம். அம்மொழியின் பாட்டிலும் இயைபு அடியின் இறுதியில்தான் நிற்கிறது.

மர்ரே எமனோ என்ற மொழியறிஞர் 1935 முதல் 1938 வரை நீலகிரி முதலிய இடங்களில் தங்கித் தோதவர், கோத்தர் முதலியோரின் மொழிகளை ஆராய்ந்து, தோதவ மொழியின் எதிரொலிச் சொற்களைப் பற்றி 1938-இல் ஒரு கட்டுரையும், இந்தியாவின் பல குடும்பத்து மொழிகளும் ஒன்றோடொன்று பழகி ஒரே பிராந்தியமாகிவிட்டன என்ற புகழ்பெற்ற கட்டுரையை 1956-இலும் எழுதினார். இவ்வகைச் சொற்கள் அந்த வாதத்தில் அவருக்கு ஒரு சான்று. அதே நீலகிரியில் பிறக்கும் மோயாறு பவானிசாகரில் பவானியோடு கலந்து எங்கள் கூடுதுறைக்குத்தான் வந்து சேருகிறது என்பதை, விஷயத்துக்கு அவசியமில்லாவிட்டாலும், ஊர்ப்பாசத்தால் சொல்லி வைக்கிறேன்.

ஓசை ஒன்றும் இடம் ஒரு மொழிக்கு முன்னாலும் மற்றொரு மொழிக்குப் பின்னாலும் அமைவானேன்? தமிழ்ச் சொல்லில் பொருளைத் தாங்கும் வேர் முன்னே நிற்கிறது; திணை, பால், எண், காலம் ஆகியவற்றைக் காட்டும் இடைநிலைகளும் விகுதிகளும் பின்னே வரிசையாகக் கோத்துக்கொள்கின்றன. வந்தான், சென்றான், நின்றான், வென்றான் என்று ஆண்பால் வினைமுற்று அத்தனையும் இறுதியில் தாமாகவே ஒத்து ஒலிக்கும். இலக்கணம் இலவசமாகத் தருகிற ஒற்றுமையில் கவியின் சாமர்த்தியம் ஏதுமில்லை. கேட்பவனுக்கு ஆச்சரியமும் இல்லை. எளிதில் நேராத இடத்தில் ஓசை ஒன்றினால்தான் காது நிமிர்ந்து உட்காரும். வேரும் வேரும் ஒத்து நிற்பது அபூர்வம். ஆகையால் நம் முன்னோர் எதுகையை வேரில் கட்டினார்கள். இறுதி ஒன்றும் இயைபுத் தொடையையும் அவர்கள் அறிந்து ஐந்து தொடைகளுள் ஒன்றாக வைத்தார்கள் என்றாலும், மோனைக்கும் எதுகைக்கும் தந்த முதன்மையை அதற்குத் தரவில்லை. ஆங்கிலத்திலோ பழைய விகுதிகள் காலப்போக்கில் தேய்ந்து உதிர்ந்துபோய், சொல்லின் முடிவே வேரின் முடிவாகிவிட்டது; அங்கே இறுதியில் ஒன்றுவது அரிதாகிவிட்டதனால் அதற்கே மதிப்பு வந்தது. அவர்களுடைய மிகப் பழைய பாட்டுகளும் நம் மோனையைப் போல முதலொலியில் கட்டப்பட்டவையே. இறுதி இயைபு பெரும்பாலும், பிரெஞ்சு பேசியவர்கள் அந்நாட்டைக் கைப்பற்றிய 1066-க்குப் பின், பிரெஞ்சுச் செல்வாக்கோடு வேரூன்றிய பழக்கம்.

ஏட்டுச் சுவடியையும் இங்கே மறக்கலாகாது. பனையோலையில் செய்யுளை அடி பிரித்து எழுதுவதில்லை. உரைநடைபோல ஒரே ஓட்டமாக எழுதிக்கொண்டு போவார்கள். அதைப் படிப்பவனுக்கு அடி தொடங்கும் இடத்தை மணியடித்துக் காட்டுவது எதுகை. செல்லரித்த ஏட்டில் ஓரெழுத்து சிதைந்திருந்தால், மற்ற அடிகளின் எதுகையைக் கொண்டு அது இன்ன எழுத்தாகத்தான் இருக்கவேண்டும் என்று பதிப்பாசிரியர் துணிவதும் உண்டு.

இனி, அரை இயைபுக்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்ற கேள்வி. கட்டுரையின் சாரம் இங்கேதான் இருப்பதாக நான் நினைக்கிறேன். அன்பு என்பதற்கு நண்பு எதுகையாகுமா? இரண்டாமெழுத்து ஒன்றில் றன்னகரம், மற்றொன்றில் டண்ணகரம். எழுத்து வேறுதான், ஆனாலும் ஆகும் என்கிறார்கள் யாப்பு நூலார். இரண்டும் மெல்லினம், ஆகவே இன எதுகை. அதுபோலவே பக்கம் என்பதும் அச்சம் என்பதும் வல்லின எதுகை; கல்வி என்பதும் துள்ளி என்பதும் இடையின எதுகை. ஆனால் வல்லினத்தையும் மெல்லினத்தையும் கலந்து கட்ட அனுமதியில்லை. அன்பும் அட்டையும் எக்காலத்திலும் சேரமாட்டா.

இந்த மூன்று இனப் பகுப்புக்கு ஆதாரம் எது? நன்னூலில் பவணந்தி முனிவர், மெல்லினத்துக்கு மூக்கையும், இடையினத்துக்குக் கழுத்தையும், வல்லினத்துக்கு மார்பையும் ஒலி பிறக்கும் இடமாக வகுத்துவிட்டு, நாக்கும் உதடும் பல்லும் அண்ணமும் எங்கெங்கே எப்படித் தொழிற்படுகின்றன என்பதைத் தனியே கூறுகிறார். காற்று எவ்வழியாக, எவ்வகையாக வெளிப்படுகிறது என்பது ஒன்று. வாயில் எவ்விடத்தில் தடைப்படுகிறது என்பது மற்றொன்று. இன எதுகை முதலாவதை விடாமல் பிடித்துக்கொண்டு இரண்டாவதை நெகிழ விடுகிறது. (பவணந்தியாரின் ஊராகிய சனகை, பெருந்துறைக்கு அடுத்த சீனாபுரம்தான் என்பது கொங்குநாட்டார் கொள்கை, அதை மறுக்க எனக்கு மனமில்லை.)

பவானிசாகர் அணை கட்டி முடிந்த அதே 1955-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஜார்ஜ் மில்லர், பாட்ரீஷியா நைஸ்லி என்ற இருவர் ஒரு பரிசோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆங்கிலத்தின் பதினாறு மெய்யொலிகளை ஒவ்வொன்றாக உச்சரித்து, அதனோடு இரைச்சலைக் கலந்து கேட்பவர் காதுக்கு அனுப்பி, எந்த ஒலி எந்த ஒலியாக மயங்கிக் கேட்கிறது என்று அட்டவணை போட்டார்கள். இரைச்சல் கூடக்கூட முதலில் அழிந்துபோனது ஒலி வாயில் பிறக்கும் இடத்தைப் பற்றிய செய்தி. ககரமா, தகரமா, பகரமா என்று தெரியாமல் போய்விட்டது. ஆனால் மூக்கொலியா அல்லவா என்பதும், குரல்வளை அதிர்கிறதா இல்லையா என்பதும் வெகுதூரம் தாக்குப்பிடித்தன. மகரமும் னகரமும் ஒன்றோடொன்று மயங்கினவே தவிர, பகரத்தோடும் டகரத்தோடும் அவ்வளவாகப் போய்க் கலக்கவில்லை.

இதற்குக் காரணமும் பௌதிக சாஸ்திரத்துக்குள் அடங்குவதே. மூக்கொலி எதுவானாலும் காற்று அதே நாசித் துவாரங்களின் வழியே முரலுகிறது. அந்த முரலல் தாழ்ந்த சுருதியுள்ளது, பலமுள்ளது, நீடிப்பது. வாயில் எந்த இடம் அடைபட்டது என்பதைக் காட்டும் அடையாளமோ, பக்கத்து உயிரொலியின் சுருதிகள் ஒரு விநாடியின் நூற்றில் சில பங்கு நேரத்துக்கு வளைந்து செல்லும் மெல்லிய வளைவில் மட்டும் இருக்கிறது. சந்தைக் கூச்சலில் அந்த வளைவு கரைந்துவிடும், முரலல் கரையாது. நம் யாப்பாசிரியர்கள் இயந்திரம் ஏதுமின்றி, பாடிக் கேட்டுப் பழகிய செவி ஒன்றையே கருவியாகக் கொண்டு, எந்தக் குறையைக் காது மன்னிக்கும், எதை மன்னிக்காது என்று வகுத்த எல்லையும், ஆய்வுக்கூடத்தில் இரைச்சலைக் கலந்து வரைந்த எல்லையும் பெரும்பாலும் ஒரே வழியாகச் செல்கின்றன. இப்படிச் சொல்வதனால் நம்மவர்கள் எல்லாவற்றையும் முன்பே அறிந்திருந்தார்கள் என்று மார்தட்டுவதாக எவரும் கொள்ள வேண்டாம். அவர்களுக்கு அலைவரிசை தெரியாது, காது தெரியும்.

இன்னொரு சலுகையும் உண்டு. ய, ர, ல, ழ என்னும் நான்கு ஒற்றுகள் முதலெழுத்துக்கும் எதுகை எழுத்துக்கும் இடையே வந்து நுழைந்தால், அவற்றை இல்லாதவைபோலக் கருதிக்கொள்ளலாம். இதற்கு ஆசிடையிட்ட எதுகை என்று பெயர். நாக்கு என்பதும் வாய்க்கு என்பதும் ஒன்றும்; காத்து என்பதும் பார்த்து என்பதும் ஒன்றும். இந்நான்கும் மெய்களாயினும் உயிரைப்போலத் தடையின்றி ஓடும் இயல்புடையவை. முன்னுள்ள உயிரின் வாலாகவே காது அவற்றை எண்ணிக்கொள்கிறது. பேச்சில் பார்த்து என்பதைப் 'பாத்து' என்றும், வார்த்தை என்பதை 'வாத்தை' என்றும் ரகரத்தை விழுங்கிச் சொல்லும் நம் நாவே இதற்குச் சாட்சி.

ஷேக்ஸ்பியரின் இயைபு பழைய உச்சாரணத்துக்குச் சான்றானதுபோல, எதுகையும் நமக்கு ஒரு பழைய ஒலிநாடா. இன்று பெரும்பாலான தமிழர் வாயில் கரியும் கறியும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. ஆனால் பழம்புலவர் ரகரத்துக்கு றகரத்தை எதுகையாக வைப்பதில்லை. ஒன்று இடையினம், மற்றொன்று வல்லினம். ஆகவே ஒரு காலத்தில் றகரம் நாவை அண்ணத்தில் அடைத்துத் திறக்கும் உண்மையான வல்லொலியாக இருந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தார் காற்று, வெற்றி என்று சொல்லும்போதும், மலையாளிகள் தம் சொற்களில் 'ற்ற' என்று உச்சரிக்கும்போதும் அந்தப் பழைய வல்லொலி இன்றும் காதில் விழுகிறது.

என் பேத்தியைப் போன்று சொல் தேடித் தவிப்பவர்களுக்கு உதவும் நூல்களும் நம்மிடம் இல்லாமலில்லை. மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்களைக் கூறுவது. அதில் சொற்கள் நாம் இன்று அறிந்த அகராதி வரிசையில் நில்லாமல், ககர எதுகை, ஙகர எதுகை என்று இரண்டாமெழுத்தின் வரிசையில் நிற்கின்றன. திண்ணைப் பள்ளிக் காலத்தில் அதைத் தனி நூலாகவே அச்சிட்டு மாணாக்கர்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். பொருள் கற்ற மாணாக்கன், தான் அறியாமலே, ஓர் எதுகைக் களஞ்சியத்தையும் தலையில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தான்.

அதன் பின் வந்தது வீரமாமுனிவரின் சதுரகராதி. 1680-இல் இத்தாலியில் பிறந்து கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்ற பெயரோடு இந்நாட்டுக்கு வந்த பாதிரியார் அவர். காவிரி நீர் பவானியைக் கடந்து திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடமாகப் போகிறதே, அந்தக் கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் வாழ்ந்தவர். 1732-இல் அவர் முடித்த அகராதிக்குப் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பிரிவுகள். நான்காவதாகிய தொடையகராதி செய்யுள் இயற்றுவோர்க்கென்றே எதுகைச் சொற்களைத் திரட்டி வைத்தது. சொல்லின் இறுதி உயிரால் இயைபு மழையாகப் பொழியும் இத்தாலிய பாஷையில் பிறந்து வளர்ந்த ஒருவர், தம் தாய்மொழிப் பழக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தமிழ்ச் சொல்லை இரண்டாமெழுத்தில் பிடித்துத் தூக்கக் கற்றுக்கொண்டார் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. காது பிறவியோடு வருவது; ஆனால் அது எதைக் கவனிக்க வேண்டும் என்பது பழகி வருவது என்பதற்கு அவரைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் ஜான் வாக்கர் சொற்களை இறுதியெழுத்திலிருந்து பின்னோக்கி அடுக்கி வெளியிட்ட புகழ்பெற்ற இயைபகராதி 1775-இல் வந்தது. அதற்கு முன்பே 1570-இல் பீட்டர் லெவின்ஸ் என்பவர் ஆங்கிலச் சொற்களை முடிவொலி வரிசையில் தொகுத்து லத்தீன் பொருளோடு அச்சிட்டிருக்கிறார். சீனரோ எல்லோரையும் முந்திக்கொண்டு 601-ஆம் ஆண்டிலேயே இயைபு வரிசையில் ஓர் அகராதி செய்துவிட்டார்கள்.

இன்று இந்த வேலையைக் கணினி செய்கிறது. ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்த்து ஒலியைச் சொல்ல முடியாது. ஆகையால் ஒவ்வொரு சொல்லுக்கும் உச்சாரணத்தைத் தனியே எழுதி வைத்த பட்டியல் ஒன்று முதலில் வேண்டும். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் லட்சத்து முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் 39 ஒலிக்குறிகளால் எழுதப்பட்டிருக்கின்றன. கணினி அதில் அழுத்தமுள்ள கடைசி உயிரைப் பிடித்து, அது முதலான வாலை வெட்டி, அதே வாலுள்ள சொற்களைப் பொறுக்கித் தருகிறது. தமிழ் எதுகைக்கு அந்தப் பட்டியலே வேண்டாம். முதலெழுத்து குறிலா நெடிலா என்று பார்த்து, இரண்டாமெழுத்தைக் கொண்டு அடுக்கினால் போதும். எழுத்துக்கூட்டே உச்சாரணத்துக்குப் போதிய சாட்சி. கணினி பயிலும் கல்லூரி மாணவன் ஒருவன் ஒரு விடுமுறை நாளில் முடித்துவிடக்கூடிய காரியம் அது.

மறுநாள் காலையில் இவற்றையெல்லாம் பேத்திக்கு விளக்கத் தொடங்கினேன். பாதி கேட்டுவிட்டு, "அப்புடின்னா லவ்வுக்குக் கிவ்வுனே எழுதிப் போடட்டுங்களா அப்புச்சி? கிவ்வுன்னாக் குடுக்கறதுதானுங்க, அம்மாவுக்கு நல்லாப் பொருந்துதுங்களே" என்றாள். எழுது கண்ணு என்றேன். அவளுடைய ஆங்கில ஆசிரியை அதை ஒப்புக்கொள்வாரோ என்னவோ, காரிகை ஆசிரியராகிய அமிதசாகரர் நிச்சயமாக ஒப்புக்கொண்டிருப்பார்.

ஒரு சந்தேகம் மட்டும் எனக்குத் தீரவில்லை. 'கி' என்ற எழுத்திலேயே தொடங்கும் சொல்லுக்கு எதிரொலி எப்படிச் சொல்வது? கிழங்குக்கு மறுபடியும் 'கிழங்கு' என்றால் எதிரொலியாகாது. "கிழங்கு மிழங்கு" என்றாள் என் மகள். அப்படி யாரும் சொல்லித் தான் கேட்டதில்லை என்று என் மனைவி அடித்துச் சொல்கிறாள். கிணறு, கிளி, கீரை ஆகியவற்றுக்கும் இதே தகராறு. இதைப் படிக்கும் அன்பர்கள், யோசித்துப் பார்த்துச் சொல்லாமல், தங்கள் வீட்டில் யாராவது வாய்தவறிச் சொல்லும்போது காதில் விழுந்ததை, ஊர்ப் பெயரோடு குறித்து எனக்கு எழுதியனுப்பினால் நன்றியுடையவனாவேன்.